மொறிஸ் மைனரும் என் வாயும்

2004ஆம் ஆண்டு தை மாதம். மொன்றியலில் மூக்கு நுனி இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டிய குளிர். நகரத்தின் கிழக்குப் பக்கம், துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த ஒரு கண்காட்சி மண்டபத்தில் எனக்கு வேலை கிடைத்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. மேடை போடுவது, பலகை அடிப்பது, கதிரை அடுக்குவது, எல்லாம் முடிந்ததும் கழற்றி லொறியில் ஏற்றுவது. மூன்று மாதம் தற்காலிகம், பிடித்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முதல் மூன்று இடத்தில் வேலை போய் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தவன் நான். அதனால் இந்த ‘நிரந்தரம்’ என்ற சொல்லைக் கனவிலும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கும் அதே மண்டபத்தில் துப்புரவு வேலை. இரண்டு பேரும் நகரத்தின் வடக்கே மொன்றியல்-நோரில் இருந்து ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் திரும்புவோம்.

அந்தக் கிழமை மண்டபத்தில் பழைய கார்களின் கண்காட்சி. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சில வருடங்களில் லண்டனில் ஒரு மோட்டார் கண்காட்சி நடந்ததாம். யுத்தம் முழுக்கப் புதுக் காரையே காணாத சனம், மழைக்குள் வரிசையில் நின்று புது பிரிட்டிஷ் கார்களைப் பார்த்ததாம். அதே மாதிரி இங்கேயும் மூன்று கார்களை வெள்ளைச் சீலையால் மூடி வைத்து, பின்னேரம் நாலு மணிக்கு ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுவது என்று ஏற்பாடு. மூன்று கார்களுக்கும் சொந்தக்காரர் ஒருவர்தான். எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெரியவர். மூன்றில் ஒன்று மொறிஸ் மைனர்.

யாழ்ப்பாணத்து ஆளுக்கு மொறிஸ் மைனரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான், செத்த வீட்டுக்கும் அதுதான். சுவரில் அதன் படத்தை ஒட்டும்போதே என் வாய் திறந்துவிட்டது. என்னோடு வேலை செய்த மட்டக்களப்பு அண்ணையிடம், எங்கள் வீட்டில் இரண்டு மைனர் நின்றது என்றும், பன்னிரண்டு வயதிலேயே அதை ஓடத் தொடங்கிவிட்டேன் என்றும், கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓடுவேன் என்றும் மூன்று நாளாக அளந்து தள்ளினேன். கடல் கடந்து வந்தபிறகு எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஊரில் ஒரு காணி கூடும், ஒரு கார் கூடும். நான் மட்டும் என்ன குறைச்சல்?

உண்மை என்னவென்றால், எங்கள் வீட்டில் சைக்கிள்தான் நின்றது. மாமா ஒருவரிடம் ஒரு மைனர் இருந்தது. அது ஸ்டார்ட் வராத நாட்களில் பெடியன்கள் நாங்கள் பின்னால் நின்று தள்ளுவோம். மொறிஸ் மைனரின் முன்பக்கத்தை விடப் பின்பக்கம்தான் எனக்கு நல்ல பழக்கம். கனடாவுக்கு வந்து லைசென்ஸ் எடுத்ததும் கியர் மாற்றத் தேவையில்லாத ஓட்டோமற்றிக் காரில்தான்.

நான் அளக்கும்போது மனைவி பக்கத்தில் நிலம் துடைத்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். ஒரே ஒரு தரம் மட்டும், “மைனருக்குக் கியர் ஸ்டியரிங்கிலயோ இருக்கும்?” என்று கேட்டாள். நான் அப்போதுதான் ஸ்டியரிங்கில் கியர் போடும் விதத்தைக் கையால் காட்டிக்கொண்டிருந்தேன். உமக்கு உதெல்லாம் விளங்காது என்று சொல்லிவிட்டேன்.

கண்காட்சி தொடங்கும் நாள் காலை கார்கள் வந்தன. மண்டபத்தின் பின்பக்கம் பனி நிறைந்த முற்றம். அங்கிருந்து உள்ளே போக இரும்புத் தகடு போட்ட ஒரு சாய்வான ஏற்றம். முதல் இரண்டு காரையும் பெரியவர் தானே ஓட்டி மேலே கொண்டுபோனார். மூன்றாவதுக்குத் திரும்பி வரும்போது ஐஸில் வழுக்கி விழுந்துவிட்டார். காலுக்கு ஒன்றுமில்லை, இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. மிச்சம் நின்றது மொறிஸ் மைனர்.

ஆறு பேர் சேர்ந்து தள்ளிப் பார்த்தோம். ஏற்றத்தில் எங்கள் சப்பாத்துகள் வழுக்கினவே தவிர கார் ஏறவில்லை. கயிறு கட்டி இழுக்கப் பெரியவர் சம்மதிக்கவில்லை. கியர் கார் ஓடத் தெரிந்த பெடியன்கள் இருந்தார்கள். ஆனால் ஸ்டியரிங் வலது பக்கம், கியர் இடது கைக்கு, அதுவும் ஐம்பது வருடத்துப் பழைய கியர் பெட்டி என்றதும் பின்வாங்கினார்கள். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு கியூபெக் பெண்மணி. அவர் மணிக்கூட்டைப் பார்ப்பதும் தலையில் கை வைப்பதுமாக நின்றார். அப்போதுதான் மட்டக்களப்பு அண்ணை என் தோளில் கை போட்டு, நல்ல பிரெஞ்சில், இந்த ஆள் பன்னிரண்டு வயதில் இருந்து இதே காரை ஓடினவர் என்று அறிவித்தார். அவர் கேலிக்குச் சொல்லவில்லை. பாவம், நம்பிவிட்டார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேற்பார்வையாளரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நிரந்தர வேலைக்கு அவர்தான் கையெழுத்துப் போடவேண்டும். தெரியாது என்று சொல்ல அந்த நேரம் என் நாக்கு எழும்பவில்லை. ஓம் என்று தலையாட்டிவிட்டு வலது பக்கக் கதவைத் திறந்தேன்.

அப்போது மனைவி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்து மற்றப் பக்கத்தால் ஏறினாள்.

“நீர் எங்கை வாறீர்?” என்றேன்.

“சும்மா, நானும் ஒருக்கா ஏறிப் பாக்கிறன்” என்றாள். காரில் ஏற ஆசைப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

பெரியவர் ஜன்னலுக்குள் நல்ல கையை விட்டு, தானே இஞ்சினை ஸ்டார்ட் பண்ணித் தந்தார். பிறகு வழி பார்ப்பதற்காகக் காரின் பின்னால் போய் நின்றார். கிளச்சை மிதித்துக் கியர் போட்டு மெல்ல விடவேண்டும் என்று கேள்வி ஞானம் இருந்தது. கியரைத் தேடினேன். அது ஸ்டியரிங்கில் இல்லை, தரையில் இருந்தது. மனைவி முன்னால் பார்த்தபடியே, “சோக்கை உள்ளுக்குத் தள்ளுங்கோ” என்றாள். எது சோக் என்று தெரியாமல் நான் தடவ, அவளே கையை நீட்டி ஒரு குமிழைத் தள்ளினாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கார் துள்ளித் துள்ளி ஏற்றத்தில் பாதி ஏறியது. ஒரு உதறு உதறி நின்றது. இஞ்சின் செத்துவிட்டது. நான் பயத்தில் பிறேக் என்று நினைத்துக் காலால் அமத்தினேன். குளிருக்குப் போட்டிருந்த பெரிய பூட்ஸுக்குள் கால் எதில் படுகிறது என்றே தெரியவில்லை. அமத்தினது கிளச். கார் பின்னுக்கு உருளத் தொடங்கியது. பக்கக் கண்ணாடியில் பெரியவர் தெரிந்தார். விலகப் பார்க்கிறார், ஐஸில் கால் எடுபடவில்லை. யாரோ பிரெஞ்சில் கத்தினார்கள். நான் இன்னும் பலமாக அந்தக் கிளச்சையே மிதித்தேன்.

இரண்டு இருக்கைக்கும் நடுவில் இருந்த ஹாண்ட் பிறேக்கை மனைவி இரண்டு கையாலும் இழுத்தாள். கார் ஒரு பக்கம் இழுபட்டு நின்றது. இறங்கிப் பார்த்தபோது பெரியவரின் முழங்காலுக்கும் காரின் பின்பக்கத்துக்கும் இடையில் இரண்டு அடி இருந்திருக்கும்.

பிறகு நடந்தது என்ன தெரியுமா? அந்த மனிதர் என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். கார் கிழடாகிவிட்டது, இஞ்சின் இப்படித்தான் கழுத்தறுக்கும், உங்கள் மேல் பிழை இல்லை, இன்னொரு தரம் முயற்சி செய்யுங்கள் என்றார். மேற்பார்வையாளரும் ஓமென்று தலையாட்டினார். நான் சிரித்தபடி, ஓம், பழைய கார்தானே என்று சொல்லியிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திராது. அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் பெரியவர் பேசிக்கொண்டே மறுபடியும் பின்னால் போய் நிற்கத் திரும்பினார்.

“எனக்கு ஓடத் தெரியாது” என்று தமிழில் கத்திவிட்டேன். பிறகு எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் அதையே மூன்று தரம் சொன்னேன். கார் பிழையில்லை, நான்தான் பிழை, நான் சொன்னது எல்லாம் பொய் என்றேன். மட்டக்களப்பு அண்ணை தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மனைவி காரின் மற்றப் பக்கம் நின்றாள். “நான் எடுக்கட்டோ?” என்றாள், என்னைப் பார்த்து, மெல்ல.

“உமக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

குனிந்து இரண்டு பூட்ஸையும் கழற்றி மேற்பார்வையாளரின் கையில் கொடுத்தாள். அந்த அம்மாவும் ஏன் எதற்கு என்று கேளாமல் வாங்கிக்கொண்டார். காலுறையோடு மட்டும் ஏறி இருந்தாள். பின்னால் ஒருவரும் நிற்கக்கூடாது என்று பிரெஞ்சிலேயே சொன்னாள். அவளுக்கு அவ்வளவு பிரெஞ்சு வரும் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என்னிடம், “சில்லுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் கட்டை வையுங்கோ” என்றாள். ஓடிப்போய் இரண்டு பலகைத் துண்டு எடுத்து வைத்தேன். முதல் தரம் அவளுக்கும் இஞ்சின் நின்றது. “சனியன்” என்று ஒரு சொல் கேட்டது. இரண்டாம் தரம் ஹாண்ட் பிறேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே கிளச்சையும் விட்டாள். அந்தக் கார் துள்ளவில்லை, உதறவில்லை. பேசாமல் ஏறி உள்ளே போய்விட்டது.

பெரியவர் அவளிடம் போய் எங்கே பழகினாய் என்று கேட்டார். அப்பாவிடம் என்றாள். எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும், இல்லையா? வந்தது கோபம். எல்லோருக்கும் முன்னால் மானம் போன கோபம். ஒரு பலகைப் பெட்டியில் போய்க் குந்திவிட்டேன். கொஞ்ச நேரம் போகத்தான் அந்த இரண்டு அடி ஞாபகம் வந்து, கண் நிறைந்துவிட்டது. அவள் ஏறியிருக்காவிட்டால்?

மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் ஏசினார். அவ்வளவு வேகமான பிரெஞ்சில் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. வேலை போய்விட்டது, வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று நினைத்து மட்டக்களப்பு அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒரே வசனத்தில் மொழிபெயர்த்தார்: “வேலை இருக்காம் தம்பி, வாய்தான் வேண்டாமாம்.”

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுக்கச் சொன்னார். நாலு மணிக்குச் சீலையை இழுத்தார்கள், சனம் கை தட்டியது. பெரியவர் கையில் கட்டோடு, இரண்டு காலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய கால்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள்தான் கதையைத் தொடங்கினாள். அவளுடைய அப்பா வாடகைக்கு ஹயர் கார் ஓடியவர் என்று எனக்குத் தெரியும். யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்கு அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலத்தில் அவர் கால் முறிந்து படுத்துவிட்டார் என்பது தெரியாது. பெற்றோல் இல்லாமல் அவருடைய மொறிஸ் மைனரை மண்ணெண்ணெயில் ஓடிய நாட்கள். ஒரு சின்னப் போத்தலில் இருந்து கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அந்தப் பக்கத்தில் ஓடக்கூடிய கார் அது ஒன்றுதான். அப்பா படுக்கையில் இருந்து சொல்லச் சொல்ல, எட்டு மாத காலமாகப் பிள்ளைத்தாச்சிகளையும் காயக்காரர்களையும் அவள் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள்.

“ஏன் எனக்குச் சொல்லேல்ல?” என்று கேட்டேன்.

“அம்மாதான் வேண்டாம் எண்டவா. ஹயர் கார் ஓடின பொம்பிளை எண்டால் வெளிநாட்டு மாப்பிள்ளை வேண்டாம் எண்டு போடுவாராம்.”

“சரி, கலியாணத்துக்குப் பிறகு?”

அவள் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை விரலால் துடைத்தாள். “பேந்து நீங்கள் மைனர் ஓடின கதையைச் சொல்லத் தொடங்கீட்டியள். அவ்வளவு சந்தோசமாச் சொல்லேக்கை நான் என்னெண்டு சொல்லுறது?”

அந்தக் கதையை அவள் கனடாவுக்கு வந்து இறங்கிய முதல் மாதமே சொல்லியிருந்தேன். ஐந்து வருடமாக அதைக் கேட்டு வந்திருக்கிறாள். இடையில் இரண்டு தரம், தானும் லைசென்ஸ் எடுக்கட்டுமா என்று கேட்டவள். பனிக்குள் ஓடுவது பொம்பிளைகளுக்குச் சரிவராது, பஸ் இருக்குத்தானே என்று சொன்னவன் நான்தான். இப்போது, அடுத்த கிழமையே லைசென்ஸுக்குப் போய்ப் பதிவோம் என்றேன்.

“ஓட்டோமற்றிக் எனக்குப் பழக்கமில்லை. நீங்கள்தான் சொல்லித்தர வேணும்” என்றாள்.

அவள் கேலி செய்கிறாளா, என் மானத்தைக் காப்பாற்றுகிறாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு மனிதரின் கால் நசியாமல் அந்த நாள் முடிந்ததே என்று நினைக்கும்போதெல்லாம் பெருமூச்சு வரும். என் சந்தோசம் கலையக்கூடாது என்று ஐந்து வருடம் என் பொய்யைக் கேட்டுக்கொண்டிருந்தவளிடம், நீர் ஊரில் என்ன செய்தனீர் என்று ஒரு நாளாவது கேட்காமல் இருந்தேனே என்ற வெட்கம் மட்டும் அந்தப் பெருமூச்சோடு போகாமல் நெஞ்சிலேயே நிற்கிறது.