நாராயணன் காட்டிய மீன்

பிரியம்வதாவுக்கு மீன் என்றால் லேக் மார்க்கெட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகவேண்டிய ஒரு வரிசை, அவ்வளவுதான். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவுக்குப் பிறந்து, கொல்கத்தாவிலேயே படித்து, வங்காளிப் பெண்களுக்கு இணையாக வங்காளம் பேசி வளர்ந்தவள். ஆனாலும் சைவ வீட்டுப் பெண், நாற்பத்தெட்டு வயதுவரை ஒரு மீனைக் கையால் தொட்டதில்லை. அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கணவனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஜாதவ்பூரில் ஒரு வண்ணமீன் கடைக்குள் நுழைந்தாள்.

கணவன் லக்ஷ்மிநாராயணன் திருச்சிக்காரர். கணினி வேலையாக இந்த ஊருக்கு வந்தவர், இங்கேயே கல்யாணமாகி நியூ டவுனில் பன்னிரண்டாவது மாடியில் வீடு வாங்கித் தங்கிவிட்டார். வாய் ஓயாத மனிதர். லிப்டில் ஏறி இறங்குவதற்குள் முன்பின் தெரியாதவரின் சொந்த ஊரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் மது போன் செய்தால், அவள் ஒவ்வொரு சேதியாகச் சொல்லி முடிக்க, இவர் "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனபிறகுகூட விடமாட்டார்.

போன வருஷம் துர்கா பூஜை விடுமுறையில், காலைக் காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. பக்கவாதம். வலது கையும் காலும் பாதி போயின. பேச்சு முழுவதும் போயிற்று. மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவர் வாயில் ஒரே ஒரு சொல்தான் மிச்சமிருந்தது. அப்புறம். பசித்தாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம், மதுவைப் பார்த்து அழுதபோதும் அப்புறம். உள்ளே எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது, வெளியே வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டபிறகு பிரியம்வதாவுக்குத் தூக்கமே போயிற்று. உள்ளே தெளிவாக இருக்கிறார் என்றால், இத்தனை மாதமாக அவர் எதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்?

"வேணுமா" என்று கேட்டால் தலையை ஆட்டுவார். "வேண்டாமா" என்றாலும் அதே ஆட்டல்தான். அலிப்பூரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அவளுக்கு வேலை. அவள் சம்பளத்தில்தான் இப்போது வீடு ஓடுகிறது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஸ்மிதா என்ற ஆயா வருவாள். நல்ல பெண்தான். வங்காள வழக்கப்படி இவரை அண்ணா என்று "தாதா", இவளை அண்ணி என்று "பௌதி" எனக் கூப்பிடுவாள். ஆனால் அவளாலும் அவர் மனசைப் படிக்க முடியவில்லை.

வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் மீன்தொட்டி யோசனையைச் சொன்னவள். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்கு, பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்றாள். "எந்த மீன்னு அவரே தேர்ந்தெடுக்கட்டும். அவருடையதுன்னு வீட்டில ஏதாவது ஒண்ணு இருக்கணும்."

கடை முழுக்கத் தொட்டிகள். பச்சையும் சிவப்புமாக விளக்குகள். காற்றுக் குழாய்களின் களகளச் சத்தம். நாராயணன் ஒரு கையால் தொட்டிகளைப் பிடித்துக்கொண்டே மெதுவாக நடந்தார். கடைசி வரிசையில் நின்றுவிட்டார். அங்கே பழுப்பு நிறத்தில் ஒரு மீன் கண்ணாடியில் வாயை அப்பிக்கொண்டு, நகராமல் தொங்கியது. அழுக்குத் தின்கிற மீனாம்.

"அப்புறம்" என்றார், இடது கை விரலால் கண்ணாடியைத் தட்டி.

"இதுவா வேணும்?"

தலையை ஆட்டினார்.

அவள் பக்கத்துத் தொட்டியில் வாலை விசிறிக்கொண்டிருந்த தங்கமீனைக் காட்டினாள். "இல்ல, இதுவா?"

அதற்கும் தலையை ஆட்டினார்.

அந்தப் பழுப்பு மீனைப் போய் யாராவது ஆசைப்பட்டுக் கேட்பார்களா என்று அவளுக்குத் தோன்றியது. கடைக்காரரிடம் பார்க்க அழகாக என்ன இருக்கிறது என்று கேட்டாள். அவர் வலையை எடுத்துக்கொண்டு சுறுசுறுப்பானார். தங்கமீன் ஒரு ஜோடி, கப்பி அரை டஜன், முக்கோண வடிவில் துடுப்பு விரித்த ஏஞ்சல் இரண்டு. தொட்டி, கூழாங்கல், காற்று பம்பு எல்லாம் அவரே கொடுத்தார். "மீனை இன்னிக்கே விடலாமா?" என்று கேட்டாள். நாராயணனைக் கீழே இறக்கிக் காரில் ஏற்றி இத்தனை தூரம் கூட்டி வருவதே பெரும்பாடாக இருந்தது. இன்னொரு தடவை முடியாது. "தண்ணியில மருந்து ரெண்டு சொட்டு விட்டுட்டு விடுங்க தீதி, ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர்.

வண்டியில் மீன் பைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார் நாராயணன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பைகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

முதல் இரண்டு நாள் வீடே மாறிப்போயிற்று. எழுந்ததும் அவர் நாற்காலியைத் தொட்டியின் முன்னால் போடச் சொல்லிக் கையைக் காட்டுவார். பக்கத்து வீட்டு வங்காளி மாமி எட்டிப் பார்த்து, "தமிழ் வீட்டுல மீனா! எதை முதல்ல பொரிக்கப் போறே?" என்று கேட்டாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதமாயிற்று என்று பிரியம்வதா சமையலறையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம், அலுவலகத்தில் இருக்கும்போது ஸ்மிதாவிடமிருந்து போன். "பௌதி, சீக்கிரம் வாங்க. தாதா கத்திக்கிட்டே இருக்காரு. என்னன்னு புரியல. என்னைப் பிடிச்சுத் தள்றாரு."

"முகம் கோணியிருக்கா? கை தூக்கறாரா?"

"தெரியல பௌதி, பயமா இருக்கு."

போனில் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. அப்புறம், அப்புறம், அப்புறம். அவள் அதுவரை கேட்டிராத உச்சத்தில் இருந்தது. இரண்டாவது தடவை வந்தால் கஷ்டம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவள் மேலதிகாரியிடம்கூடச் சொல்லாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். மேம்பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் எங்கோ லாரி பழுதாம். இறங்கி ஓடவும் முடியாது, பறக்கவும் முடியாது. டிரைவரிடம் கெஞ்சினாள். அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "நான் என்ன பண்ணட்டும் தீதி" என்றான். அந்த நேரம் முழுதும் ஆம்புலன்ஸ், டாக்டர், மது என்று யாருக்கு முதலில் போன் செய்வது என்று புரியாமல் கைபேசியை வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது நாராயணன் தொட்டியின் முன்னால் எழுந்து நின்றுகொண்டிருந்தார். பக்கவாதம் வந்தபிறகு பிடிமானம் இல்லாமல் அவர் நின்று அவள் பார்த்ததே இல்லை. இடது கை முழங்கை வரை தண்ணீருக்குள். உள்ளங்கையில் ஒரு தங்கமீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதன் வாய் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மற்ற மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்தில் முட்டி மோதிக்கொண்டு காற்றை விழுங்கின. இரண்டு கப்பிகள் கூழாங்கல் மேல் அசையாமல் கிடந்தன. தண்ணீர் கலங்கி, பால் சிந்தினாற்போல இருந்தது.

"மேல வந்து வாயைத் திறக்குதே, பசி போலன்னு நினைச்சேன்" என்றாள் ஸ்மிதா. "அதான் தீனியைக் கொட்டினேன். அப்போதான் தாதா கத்த ஆரம்பிச்சாரு. நான் இன்னும் கொஞ்சம் போட்டேன்."

அவர் பிரியம்வதாவைத் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் கண்ணீர். "அப்புறம்" என்றார், மிக மெதுவாக. காலையிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது. மீன்கள் மூச்சுக்குத் தவிக்கின்றன என்று பார்த்துப் புரிந்துகொண்டிருக்கிறார். தீனி போடாதே என்று சொல்லத்தான் ஸ்மிதாவைத் தள்ளியிருக்கிறார். ஒருத்தருக்கும் விளங்கவில்லை.

நாராயணனின் பழைய அலுவலக நண்பன் ராம்கி அதே குடியிருப்பில் வேறு கட்டடத்தில் இருந்தான். வீட்டில் மீன் வளர்ப்பவன் என்று அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாயங்காலம் வந்து தொட்டியைக் குனிந்து பார்த்தான்.

"புதுத் தண்ணியில இத்தனை மீனை ஒரே நாள்ல விட்டிருக்கேள் மன்னி. அதோட கழிவே அதுக்கு விஷமா ஆயிடும். அதைச் சாப்பிடற நுண்ணுயிர் தண்ணியில வளர மூணு நாலு வாரம் ஆகும். அதுவரைக்கும் தொட்டியைச் சும்மா ஓட விடணும். அப்புறம் ரெண்டு மூணு சின்ன மீன்தான். தங்கமீன் இந்த அளவு தொட்டிக்கே ஆகாது."

"இப்போ என்ன பண்ணணும்?"

"பாதித் தண்ணியை மாத்தலாம். நாளைக்கும் மாத்தலாம்."

"மாத்தினா பிழைச்சுக்குமா?"

ராம்கி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பிழைக்கறது பிழைக்கும். வேற பண்றதுக்கு ஒண்ணும் இல்ல மன்னி."

போன வருஷம் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்ற டாக்டரும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருந்தார். அவள் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து மாற்றினாள். வெள்ளிக்கிழமை தங்கமீன் இரண்டும் போயின. சனிக்கிழமை ஏஞ்சல்கள். கடைசிக் கப்பி திங்கட்கிழமை காலைவரை இருந்தது. செத்த மீனைக் கையில் எடுக்க அவளுக்கு முதலில் கூசியது. பிறகு பழகிவிட்டது. பால்கனியில் துளசி வைத்திருந்த சட்டி மண்ணில் புதைத்தாள். ஒவ்வொரு தடவையும் நாராயணன் பால்கனிக் கதவருகே வந்து நின்று பார்த்தார்.

தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அவள் குழாய்களைக் கழற்றப் போனபோது, அவர் வந்து கண்ணாடி விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டார். "இது வேண்டாம், எனக்குத் தாங்கல" என்றாள். அவர் விடவில்லை. தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு இப்போதும் தெரியவில்லை. ஆனால் பிடி இறுகியிருந்தது. குழாயைத் திரும்ப மாட்டினாள்.

பிறகு ஒரு மாதத்துக்கும் மேல், மீனே இல்லாத தொட்டி வரவேற்பறையில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காலையில் அதன் முன்னால் உட்கார்ந்து வெறும் தண்ணீரைப் பார்த்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டியையும் அவரையும் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள்.

பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் இவள் நடந்ததைச் சொன்னாள். "ஆமா இல்லைன்னு பதில் வர்ற மாதிரி கேட்காதீங்க" என்றாள் அவள். "ரெண்டை முன்னால வையுங்க. காட்டட்டும். அவர் காட்டற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. எவ்வளவு நேரம் ஆனாலும்."

ராம்கி கார் ஓட்ட, மறுபடி ஜாதவ்பூர். கடைக்காரருக்கு இவர்களை நினைவில்லை. புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றது என்று ராம்கி இரண்டு தொட்டிகளைக் காட்டினான். ஒன்றில் குண்டு குண்டாகச் சிவப்பு பிளாட்டிகள். இன்னொன்றில் நீலக்கோடு போட்ட ஜீப்ரா மீன்கள், ஒரு விரல் நீளம்கூட இல்லாதவை, நிற்காமல் அங்குமிங்கும் பாய்ந்துகொண்டிருந்தன. பிரியம்வதாவுக்குச் சிவப்புதான் பிடித்தது. பகலெல்லாம் பார்க்க ஒரு நிறம் வேண்டாமா?

சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றாள். நாராயணன் இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். கடைசி வரிசைக்கு நடந்தார், திரும்பி வந்தார். கடைக்காரர் வேறு ஆட்களைக் கவனித்துவிட்டு வந்து, "முடிவாச்சா?" என்றார். ராம்கி கையமர்த்தினான். அவளுக்குக் கால் வலித்தது. இதுதானே, இதுதானே என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். கடைசியில் அவர் ஜீப்ரா தொட்டியின்மேல் உள்ளங்கையை முழுசாக வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"இது போதும்" என்றாள் அவள் கடைக்காரரிடம். "ஆறு குடுங்க."

அந்த ஆறும் பிழைத்துக்கொண்டன. காலையில் ஒரு சிட்டிகை தீனி, அவர் கையால். தீனி டப்பாவை ஸ்மிதா தொடுவதில்லை. அதற்கு மேல் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வருஷம் தாண்டிவிட்டதால் இனிமேல் பேச்சு பெரிதாகத் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றார் டாக்டர். அதை நாராயணனின் எதிரிலேயே சொன்னார். வரும் வழியில் நாராயணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். என்ன நினைக்கிறார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டு என்ன?

போன வாரம் அலுவலகம் விட்டு வந்தவளை அவர் கையைப் பிடித்துத் தொட்டிக்கு இழுத்துப் போனார். இடது கையை விரித்து ஐந்து விரலைக் காட்டினார்.

"அஞ்சா? ஆறு இருக்கணுமே."

மறுபடி ஐந்து.

அவள் குனிந்து எண்ணினாள். மீன்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு, தொட்டிக்குள் இருந்த செடிக்குப் பின்னால் போய், வேறு பக்கம் வந்தன. ஒரு தடவை ஆறு வந்தது. அடுத்த தடவை ஐந்து. பிறகு ஏழு. தொட்டிக்குப் பின்னால் பார்த்தாள், கீழே பார்த்தாள், துள்ளி விழுந்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை. இருக்கும் ஒரு கையில் ஐந்து விரல்தான், ஆறு என்றாலும் அவரால் ஐந்தைத்தானே காட்ட முடியும் என்ற நினைப்பு வந்ததும் அவளுக்குத் திக்கென்றது. அல்லது எண்ணிக்கையும் அவருக்குப் போய்விட்டதா? இல்லை, அவர்தான் சரியாக எண்ணியிருக்கிறாரா?

அவர் பொறுமையாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.