கல் சொன்ன ஃபிர்சே

உங்கள் பெயரை ஒரு கடிதத்திலிருந்து எடுத்துவிட்டு, "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்று உங்கள் ஆசிரியர் சொன்னால், அந்த நிமிடமே அவரைச் சந்தேகிப்பீர்களா? ஆமாம் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். ஆஷிஃபாவும் விவரம் தெரியாத பெண் அல்ல.

காஞ்சிபுரம் ஒலிமுகமதுபேட்டையில் அவள் வீடு. அப்பா நசீருதீன் பலூன் வியாபாரி. ஊரில் எந்தச் சாமி புறப்பட்டாலும், அது வந்து சேருவதற்கு முன்பே தெருமுனையில் அவருடைய பலூன் கொத்து நின்றுகொண்டிருக்கும். இருபது வருடமாக எந்தச் சாமியும் இதற்கு ஆட்சேபம் சொன்னதில்லை.

மகள் சென்னை சாலையில் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இசையும் இசைத் தொழில்நுட்பமும் படித்தாள். காலையில் ராகம், தாளம். மதியத்துக்குமேல் மைக், மிக்ஸர், கணினி. மூன்றாம் ஆண்டில் ஒவ்வொருவரும் ஒரு செயல்திட்டம் செய்து கொடுக்க வேண்டும். அது தேறினால்தான் பட்டம். ஆஷிஃபா எடுத்துக்கொண்டது, ஒரு கோயிலின் வெளிப் பிராகாரத்தில் இருக்கும் பழைய கல்மண்டபத்தின் எதிரொலியை.

அங்கே ஒரு பலூனை வெடித்தால் சத்தம் ஒரு கணம்தான். ஆனால் தூண்களும் கூரையும் அதை வாங்கித் தங்களுக்குள் பந்தாடி, நான்கு நொடி வரைக்கும் மெல்லக் கரைய விடும். கரையும் அந்த ஒலியைப் பதிவு செய்து கணினியில் ஏற்றினால், குளியலறை அளவு அறையில் பாடிய பாட்டையும் அந்த மண்டபத்தில் பாடியதுபோல் கேட்கச் செய்யலாம். மண்டபத்தையே மூட்டை கட்டி எடுத்து வருகிற வேலை.

"நாப்பது பலூனா? யாருக்கும்மா கல்யாணம்?" என்று கேட்டார் நசீருதீன்.

"வெடிக்கிறதுக்குப்பா."

"நான் வெடிக்காம காப்பாத்தி வித்துக்கினு இருக்கேன். நீ காலேஜுக்குப் போயி வெடிக்கிறதுக்குப் படிக்கிறியா?" சிரித்துவிட்டு அவரே சொல்லிக் கொடுத்தார். "முக்கால்வாசி ஊதினா புஸ்ஸுனுதான் போவும். காம்பு வரைக்கும் இறுக்கமா ஊது. அப்பதான் டப்புனு பேசும்."

திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் 'பலூன் ஆலோசனை: நசீருதீன்' என்று எழுதினாள் ஆஷிஃபா. தனக்கு ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தவர் பெயரைக்கூட விடாதவள்.

கோயில் அலுவலகத்துக்கு அனுமதிக் கடிதம் எழுதியவர் பேராசிரியர் பஞ்சாட்சரம். "உன் பேர் போட்டா தேவையில்லாத கேள்வி வரும்மா. என் பேரும் உன் கிளாஸ் லோகேஸ்வரன் பேரும் போதும். நீ கூடப் போற, அவ்ளோதான். வேலை உன்னுதுன்னு எனக்குத் தெரியாதா?"

என்ன கேள்வி வரும்? அந்த மண்டபத்தில் வெளிநாட்டுக்காரர்கள் படம் எடுக்கிறார்கள். சுற்றுலா வந்தவர்கள் புளிசாதப் பொட்டலம் பிரிக்கிறார்கள். யார் போகலாம், போகக்கூடாது என்று அங்கே ஒரு பலகையும் இல்லை. அப்படியே கேள்வி வந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் பேராசிரியர்தானே? பதில் சொல்வதைவிடப் பெயரை எடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. ஆஷிஃபா அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டாள்.

இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும், பதிவு செய்கிறவர் தன் பெயரையும் பதிவின் எண்ணையும் மைக்கில் சொல்வது வழக்கம். "பேர் வேணாம்மா, நம்பர் மட்டும் சொல்லு." அதையும் கேட்டுக்கொண்டாள்.

பலூனைக் குத்த ஊசி பிடித்தவன் லோகேஸ்வரன். பக்கத்தில் இருக்கும் தாமல் ஊர்க்காரன், அவள் வகுப்பு. மூன்று வருடமாக ஒரே பஸ், ஒரே சோற்று டப்பா.

"எங்க தாத்தாவ இந்தக் கோபுரத்தாண்டகூட நிக்க வுட மாட்டாங்களாம், ஆஷி. பேரன் உள்ளார வந்து பட்டாசு வுட்டுக்கினு இருக்கான் பாரு."

"பட்டாசு இல்லடா, பலூன்."

"சத்தம் வந்தா சரிடி."

பத்து முடிந்தது. பதினோராவது பலூன் வெடித்ததும் பக்கத்துத் தூணிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். "யாருக்குப்பா பர்த்டே? கேக் எங்க?" இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பதிவு பாழ். திரும்ப எடுக்க வேண்டும். 'பதினொண்ணு, மறுபடியும்' என்று சொல்ல வந்தவள் வாயில் வீட்டு உருது வந்துவிட்டது. "பதினொண்ணு... ஃபிர்சே." மறுபடியும் என்றுதான் அதற்கும் பொருள். சிரிப்பு அடங்காத லோகேஸ்வரன், அந்தச் சொல் மண்டபத்தில் கரைந்து முடிவதற்குள் ஊசியைக் குத்திவிட்டான்.

'11: அவசரம். ஆனால் வெடிப்பு நன்றாக இருக்கிறது' என்று நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அவள் அறிக்கையையும், துறையின் மெமரி கார்டிலேயே இருந்த மூலப் பதிவுகளையும் ஒப்படைத்த பத்தாம் நாள், பல்கலைக்கழக இணையதளத்தில் 'கல்மண்டப ஒலித்தொகுப்பு' வெளியானது. முப்பத்தொன்பது ஒலிகள். 'பதிவும் ஆய்வும்: முனைவர் பஞ்சாட்சரம். உதவி: லோகேஸ்வரன்.' அடுத்த வாரம் ஆஷிஃபாவின் அறிக்கை திரும்பி வந்தது. 'ஏற்கெனவே வெளியான ஆய்வின் நகல். தேர்ச்சி இல்லை.'

பேராசிரியர் அறைக்குப் போனாள். "சார், இது என் வேலை."

"இங்க பண்றதெல்லாம் துறையோட சொத்தும்மா."

"அப்ப உங்க பேர் மட்டும் எப்படி சார் துறை ஆச்சு?"

அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று பஸ்ஸில் லோகேஸ்வரன் சொன்னான்: "விசாரணை வெச்சா நான் சொல்றேன்டி. எனக்குத் தெரியாதா?"

ஆஷிஃபா புகார் எழுதிக் கொடுத்தாள், விசாரணை வைத்தார்கள். அதற்குள் அவன் துறையின் ஒலிக்கூடத்தில் உதவியாளன் ஆகியிருந்தான்.

மூன்று பேர் கொண்ட குழு. தலைவர் அனுமதிக் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். "இதுல உன் பேர் இல்லையேம்மா. அனுமதி இல்லாம போனேன்னா அது தனிக் குத்தம். போகலன்னா வேலை உன்னுது இல்ல. ரெண்டுல எது?"

என்ன அழகான தர்க்கம்! எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றவாளி அவள்தான். சாதியைக் கட்டிக் காத்த பழைய ஏடுகளில் இந்த வகைத் தர்க்கம் நிறையக் கிடைக்கும். இப்போது அது ஏசி அறையில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிடுகிறது.

லோகேஸ்வரனைக் கூப்பிட்டார்கள். அவன் மேசையைப் பார்த்துச் சொன்னான்: "நான் மட்டும்தான் சார் போனேன். அவங்க வரல."

அவங்க. மூன்று வருடம் வாடி, போடி என்று கூப்பிட்டவன். பொய்யைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை.

ஆஷிஃபா பதினோராம் எண்ணைப் போட்டுக் காட்டினாள். பஞ்சாட்சரம் எல்லாப் பதிவுகளிலும் அவள் குரலை வெட்டியிருந்தார். ஆனால் அந்த ஒன்றில், அவள் வாய் நின்ற இடத்தில்தான் வெட்டினார். கல் நிற்கவில்லை. வெடிப்புக்கு முந்தைய அரை நொடியில், மண்டபம் அந்தச் சொல்லின் வாலை இன்னும் உருட்டிக்கொண்டிருக்கிறது. '...ர்சே.' வெடிப்போடு ஒட்டியிருப்பதால் அதை வெட்டி எடுக்கவும் முடியாது.

"புறா சத்தம் மாதிரி இருக்குது," என்றார் ஒருவர்.

ஹெட்ஃபோனை நீட்டினாள். இசை சொல்லிக் கொடுக்கிற இடத்தில் மூன்று பேரில் ஒருவரும் அதை வாங்கிக் காதில் வைக்கவில்லை.

"உனக்கு மட்டும்தான் கேக்குது," என்று தலைவர் சிரித்தார். "வெளியாளு யாராவது கேட்டேன்னு எழுதிக் குடுத்தா பாக்கலாம். அடுத்த மாசம் முடிவு சொல்றோம்."

வெளியே லோகேஸ்வரன் நின்றிருந்தான். "எனக்கு வேற வழி இல்ல, ஆஷி."

"உங்க தாத்தாவ உள்ள வுடலன்னு சொன்னியே லோகு. நான் உன் பக்கத்துலயே நின்னேன். என்னைய எப்படிடா வரவே இல்லைன்னு ஆக்கின?"

அவள் தனியாகப் பஸ் ஏறினாள்.

வீட்டில் அம்மா சாயிரா பானு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். அரை நொடிதான். "இது நீ இல்லாம வேற யாரு?" என்றாள். ஆனால் தாயின் சாட்சியம் செல்லாதாம். அப்பாவிடம் கேட்டிருந்தால் பலூனைக்கூட அடையாளம் சொல்லியிருப்பார்.

இதை எழுதுகிற நானும் கேட்டேன். கேட்டதை என் பெயரோடு துணைவேந்தருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். ஒருவர் போதாது.

அந்த இணையப் பக்கம் இன்னும் திறந்திருக்கிறது. அவளை நம்புங்கள் என்று சொல்லவில்லை. நம்பிக்கை எனக்கு உதவாத சரக்கு. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பதினோராம் எண்ணின் முதல் அரை நொடியைக் கேளுங்கள். கேட்கவில்லையென்றால் எழுத வேண்டாம், இரக்கத்துக்குப் போடும் கையெழுத்து அவளுக்குத் தேவையில்லை. கேட்டால், துணைவேந்தருக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள்: 'எனக்குக் கேட்டது.' கீழே உங்கள் பெயரை முழுதாகப் போடுங்கள்.