இடப்பக்கம் சுழன்ற பாம்பு

நுவுகோ இடக்கைக்காரி. நைஜீரியாவில், எங்கள் இபோ நாட்டில் இடக்கைப் பழக்கத்தோடு வளர்ந்த பெண்ணைப் பார்ப்பது அரிது. பிள்ளை இடக்கையை நீட்டினால் அத்தை அடிப்பாள், பக்கத்து வீட்டுக்காரி அடிப்பாள், வழியில் போகிறவள்கூட ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள். தாயில்லாமல் வளர்ந்த நுவுகோவை யாரும் அடிக்கவில்லை. அடிப்பதென்றால் தொட வேண்டுமே.

அவள் ஓசு. யாரோ ஒரு பணக்காரரின் காய்ச்சல் தீர வேண்டுமென்று அவள் பாட்டனாரைப் பிடித்து வந்து, உமுவோபி ஊரில் நிலத்தெய்வம் ஆலாவின் கோயிலுக்கு நேர்ந்துவிட்டார்கள். அந்தப் பணக்காரர் பிழைத்தாரா, செத்தாரா என்பது இன்று யாருக்கும் நினைவில்லை. நேர்ந்துவிடப்பட்டவரின் வாரிசுகள் யார் யார் என்பதை மட்டும் ஊர் ஒரு நாளும் மறக்கவில்லை. விருந்தினருக்கு உடைத்துக் கொடுக்கும் கோலாக் கொட்டையை ஓசுவோடு பங்கிடக் கூடாது. ஓசு வீட்டில் பெண் எடுக்கக் கூடாது, கொடுக்கக் கூடாது. செத்தால் புதைக்கிற இடமும் வேறு. இதையெல்லாம் ஆலா கேட்டாள் என்பார்கள். அவள் கேட்டதைக் காதால் கேட்டவர் எவரையும் நான் இன்றுவரை சந்திக்கவில்லை.

கோயிலுக்கு உரியவள் என்பதால் கோயில் சுவரும் அவள் பொறுப்பானது. ஆண்டுதோறும் புதுக்கிழங்குத் திருவிழாவுக்கு முன் சுவரை வெள்ளை மண்ணால் மெழுகி, கரியாலும் செம்மண்ணாலும் ஊலிக் கோலம் போடுவாள். நாலு பிளவுள்ள கோலாக் கொட்டை, கிழங்கின் முளை, பிறைநிலா, நடுவில் சுருண்ட பாம்பு. சுவரில் நிறைய இடம் விட்டு, ஒரு மூலையில் மட்டும் கோடு இழுப்பாள். வெறும் இடமும் சேர்ந்து பேசும். வெளியூர்ப் பெண்களெல்லாம் வந்து பார்த்து, மனத்தில் வாங்கிக்கொண்டு போய்த் தங்கள் வீட்டு மணப்பெண்களின் மேனியில் போடுவார்கள். அவளுடைய கோடு அவர்களுக்கு வேண்டும். அவளுடைய கை வேண்டாம்.

ஒரு மணப்பெண்ணின் தோலில்கூட நுவுகோ கோடு போட்டதில்லை.

கணவன் இறந்த பிறகு அவளுக்கு மிஞ்சியது ஒரே மகள், உதேயாகு. பால்பல் விழும் வயதிலேயே மகளை எனுகு நகரத்துக்கு, தச்சு வேலை செய்துகொண்டிருந்த தன் தம்பி இபேயிடம் அனுப்பிவிட்டாள். அங்கே இபே எந்தக் கோயிலைச் சேர்ந்தவன் என்று எவருக்கும் தெரியாது. உதேயாகுவைத் தன் மகள் என்றே சொல்லி வளர்த்தான். பள்ளிக்கூடம் முடித்துத் தையல் கற்றாள். ஒக்வுதிலி என்ற பள்ளி ஆசிரியருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஓசு முறையைச் சட்டசபை ஒழித்த செய்தியை அவளுக்குப் பத்திரிகையிலிருந்து உரக்க வாசித்துக் காட்டியவன் அவன்தான். அவன் வீட்டார் இபேயின் தெருவில் விசாரித்தார்கள். நல்ல குடும்பம் என்று தெரு சொன்னது.

மணமகன் வீட்டார் வருவதற்கு முந்தின நாள் நுவுகோ லாரியேறி எனுகு போய்ச் சேர்ந்தாள். சமையலுக்கு வந்த ஊர்க்காரி என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தார்கள். ஊலி போட ஏற்பாடு செய்திருந்த பெண் அன்று மத்தியானம் வரவில்லை. ஊலிக்காய்ச் சாறு மட்டும் ஒரு ஓட்டில் பிழிந்து தயாராக இருந்தது.

"அம்மா, நீயே போடு" என்றாள் மகள்.

"சும்மா இருடி. யாராவது பாத்தா?"

"பாத்தா என்ன? கோயில் சுவருக்கெல்லாம் போட்டிருக்க. எனக்கு ஒரு புள்ளி வெச்சிருப்பியா?"

நுவுகோ ஓலையிலிருந்து ஈர்க்கு ஒன்றை உரித்தெடுத்தாள். யாரும் கண்டுகொள்ளாதிருக்க அதை வலக்கையில் பிடித்துச் சாற்றில் தோய்த்து மகளின் தோளில் வைத்தாள். கோடு நடுங்கியது.

"என்னம்மா இது, கோழி கிளறின மாதிரி குறுகுறுங்குது" என்று சிரித்தாள் உதேயாகு. "என் கல்யாணத்துக்கு இந்த லட்சணத்துலதான் போடுவியா?"

தாய்க்கும் சிரிப்பு வந்தது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஈர்க்கை இடக்கைக்கு மாற்றினாள். ஊலிச் சாறு போடும்போது தண்ணீர் மாதிரிதான் இருக்கும். காற்றுப்பட்டு, நேரம் போகப் போகத்தான் கறுக்கும். தான் என்ன போடுகிறோம் என்பதைக் கண்ணால் பாராமல், கை போன போக்கில் போட்டாள் நுவுகோ. அந்தக் கைக்குத் தெரிந்த போக்கு ஒன்றுதான்.

விடிந்ததும் பார்த்தார்கள். நீலம் பாரித்த கறுப்பில் உதேயாகுவின் தோளிலிருந்து மணிக்கட்டுவரை கொடிபோல இறங்கியிருந்தது கோலம். முழங்கைக்குக் கீழே சுருண்ட பாம்பு. கோயில் சுவரைப் பார்த்துப் போடுகிறவர்களின் பாம்புகூட, வலக்கைப் பழக்கத்தில் வலப்பக்கம்தான் சுழலும். இது இடப்பக்கம் சுழன்றது.

இபே தலையில் கைவைத்தான். "அக்கா, உன் கையெழுத்தையே போட்டு வெச்சிருக்கியே."

"தேய்ச்சுக் கழுவிடலாம்டா."

"தோலை உரிச்சாத்தான் போகும். உனக்குத் தெரியாததா? விடு, இந்த ஊருல யாருக்குத் தெரியப்போகுது."

மணமகன் வீட்டார் பனங்கள்ளுக் குடங்களோடு வந்தார்கள். கோலாக் கொட்டை உடைத்தார்கள். கூட்டத்துக்கு நடுவே மணப்பெண் கள்ளுக் கிண்ணத்தோடு நடந்துபோய், தான் வரித்தவன் முன் மண்டியிட்டுக் கொடுக்க வேண்டும். அவன் குடித்துவிட்டால் அவள் அவன் மனைவி. உதேயாகு நடந்தாள். "இங்க ஒருத்தன் தாகத்துல சாகறேன், என்னைக் கொஞ்சம் பாரு" என்று கிழவர்கள் கேலி செய்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே ஒக்வுதிலி முன் மண்டியிட்டுக் கிண்ணத்தை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். பக்கத்தில் இருந்த அவனுடைய அத்தை எகேமா மணப்பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு மருமகளே. இந்தப் பாம்பை யாரு போட்டது?"

"சந்தையில ஒரு அம்மா போட்டாங்க, அத்தை."

"சந்தையிலயா? பிள்ளை வேணும்னு மூணு வருஷம் உமுவோபி கோயில் சுவருக்கு முன்னால உக்காந்து அழுதவ நான். அழுத நேரமெல்லாம் இந்தப் பாம்பைத்தான் கண்ணால சுத்திக்கிட்டு இருந்தேன். இடப்பக்கம் சுத்துற பாம்பு இந்த நாட்டுல ஒண்ணே ஒண்ணுதான். அதைப் போடறவ யாருன்னும் எனக்குத் தெரியும்."

கொல்லைப்புறத்து அடுப்படியிலிருந்து நுவுகோ ஓடி வந்தாள். கையில் கரண்டி அப்படியே இருந்தது.

"நான்தாங்க போட்டேன். கூலிக்கு வந்தவ நான். எனக்கும் இந்தப் பொண்ணுக்கும் ஒரு ஒட்டும் இல்லைங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

எகேமா நுவுகோவின் முகத்தைப் பார்த்தாள், மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். "கூலிக்காரி மூக்கு பொண்ணு முகத்துல எப்படி வந்துச்சு?"

அப்போதுகூட உதேயாகு தலையாட்டி மறுத்திருக்கலாம். மறுக்கச் சொல்லித் தாயின் கண்கள் கெஞ்சின. மண்டியிட்டபடியே அவள் சொன்னாள்: "அது என் அம்மா."

எல்லாரும் ஒக்வுதிலியைப் பார்த்தார்கள். கிண்ணம் இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"நீங்கதானே பத்திரிகையில வாசிச்சுக் காட்டினீங்க" என்றாள் உதேயாகு மெதுவாக.

"அது சட்டம். இது எங்க வீடு" என்றான் அவன். கிண்ணத்தைத் தரையில் வைத்தான். சிந்தாமல், பத்திரமாக வைத்தான்.

நாலெழுத்துப் படித்தவன் நாட்டைத் திருத்துவான் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்தக் கிண்ணத்தைப் பார்த்திருக்க வேண்டும். எகேமாவிடம் எனக்குக் கோபம் குறைவு. அவள் தன் பயத்தை மறைக்கவில்லை. அநியாயம் என்று தெரிந்தே அதற்கு முன் தலைகுனிந்தானே, அவனை எந்தக் கணக்கில் வைப்பது? தெய்வம் வந்து அவன் கையைப் பிடிக்கவில்லை. ஒரு மடக்குக் கள். அவன் குடித்திருந்தால் போதும்.

தெருவுக்குத் தெரிந்துவிட்டது. இபேயிடம் நாற்காலி செய்யக் கொடுத்திருந்தவர்கள் மரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தாயும் மகளும் உமுவோபிக்கு லாரியேறினார்கள். ஊலி ஒரு வாரம் போல இருக்கும். அந்த வாரம் முழுக்க உதேயாகு நீளக் கைச் சட்டை போட்டுக்கொண்டு அறைக்குள் கிடந்தாள். பிறகு ஒரு காலையில் கையை நீட்டினாள்.

"பாதி அழிஞ்சுபோச்சும்மா. திருப்பிப் போடேன்."

நுவுகோ அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஈர்க்கை எடுக்கவில்லை.

அந்த ஆண்டுத் திருவிழாவுக்குக் கோயில் சுவரை வெள்ளை மண்ணால் மெழுகினாள். அதோடு நிறுத்திவிட்டாள். பூசாரி வந்து, "கோலம் எங்கே?" என்று அதட்டினார்.

"கை வரலைங்க."

கோலம் வாங்க வந்த வெளியூர்ப் பெண்கள் வெற்றுச் சுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். அதன்பின் அந்தச் சுவர் ஒவ்வோர் ஆண்டும் வெள்ளையாகவே இருந்தது.

உதேயாகுவுக்குக் கல்யாணம் நடக்கவில்லை. ஓசுத் தெருப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் காலம் தள்ளினாள். ஒரு மழைக்காலத்தில் நுவுகோ காய்ச்சலில் செத்தாள். அவள் காய்ச்சல் தீர யாரும் யாரையும் நேர்ந்துவிடவில்லை. உடலைக் குளிப்பாட்ட ஊர்ப் பெண்கள் எவரும் வராததால் மகளே குளிப்பாட்டினாள். பிறகு ஊலிக்காய் பிழிந்து, தாயின் முழங்கைக்குக் கீழே பாம்பைப் போடத் தொடங்கினாள். கோடு தானாக வலப்பக்கம் திரும்பியது. துடைத்தாள். ஈர்க்கை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். பழக்கமில்லாத கை, கோணல்மாணலாக வந்தது. ஆனாலும் இடப்பக்கம் சுழன்றது.

மழை வலுக்கும் முன் தூக்கிவிட வேண்டும் என்று தூக்க வந்த ஓசுத் தெருக்காரர்கள் வெளியே அவசரப்படுத்தினார்கள். சாறு கறுக்கும்வரை காத்திருக்கச் சொல்லி உதேயாகு கேட்டாள். யாருக்கும் அது காதில் விழவில்லை. தண்ணீர்க் கோடு போட்ட வெறுங்கையோடுதான் நுவுகோவை ஓசுக் காட்டில் இறக்கினார்கள். அந்தப் பாம்பு கறுத்ததை ஒருவரும் பார்க்கவில்லை.