சந்தோஷத்துக்கு ஒரு ரூம், திருப்திக்கு ஒரு ரூம்

குற்றாலத்தில் லாட்ஜ் ரிசப்ஷனில் உட்காருகிறவனுக்கு அருவி விழாவிட்டாலும் திட்டு விழும், விழுந்தாலும் திட்டு விழும். சீசனில் கவுண்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட சக ஜீவன்களே, இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? வருகிறவர்கள் தேடுவது சந்தோஷம். முதலாளி என்னிடம் கேட்பது, "கஸ்டமருக்குத் திருப்தியா, லே?" இரண்டும் ஒன்றென்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அளவாகத் தண்ணீர்

சென்னைக்காரர் ஒருவர், பைகளைக் கவுண்டரிலேயே போட்டுவிட்டு அரை டிரவுசரோடு அருவிக்கு ஓடினார். போன வேகத்தில் திரும்பினார். வெள்ளம், குளிக்கத் தடை. போன வருஷம் வந்தபோது வெறும் பாறைதான் இருந்ததாம். நான்தான் மலைமேல் உட்கார்ந்து குழாயைத் திருகுகிறேன் என்பதுபோல் முறைத்தார்.

"அளவா விழற தேதியை முன்னாடியே சொல்ல மாட்டீங்களா?"

பல்லைக் கொடுத்தவர்

திருநெல்வேலியிலிருந்து வந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், சாவி வாங்கும்போதுகூட என்னைப் பரீட்சையில் காப்பி அடித்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மெயின் அருவிக்குப் போய்விட்டு, சொட்டச் சொட்ட நனைந்து, சிரித்துக்கொண்டே வந்தார். மேல்வரிசைப் பல்செட்டைக் காணோம்! தண்ணீர் தலையில் விழுந்த சுகத்தில் வாயைத் திறந்திருக்கிறார், அருவி உருவிக்கொண்டுவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லிப் பொக்கை வாயோடு சிரித்தார்.

பழி லாட்ஜ் தலையில் விழுமுன், "தேடச் சொல்லுதேன் சார்" என்று போனை எடுத்தேன். பின்னாலேயே வந்த அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கட்டுன நாள்லயிருந்து இந்த மனுஷன் சிரிச்சு இன்னைக்குத்தான் பாக்கேன், கிடைச்சாலும் குடுத்துராதீங்க தம்பி."

பூட்டிய கதவு

பாவூர்சத்திரத்தில் காய்கறி மொத்தக்கடை வைத்திருக்கிற வீட்டு அக்கா ஒருத்தி, காலையிலேயே வந்து, சாயங்காலம்வரை தங்க ரூம் கேட்டாள். தனியாக வந்திருந்தாள். தனியாக வந்து கதவைச் சாத்திக்கொள்கிறவர்களைக் கண்டால் லாட்ஜ்காரன் காதை அந்தக் கதவிலேயே வைத்திருப்பான்.

மத்தியானம்வரை சத்தமே இல்லை. தட்டினேன், பதில் இல்லை. மறுபடி தட்டினேன். மாற்றுச்சாவி எடுத்துவர ஓடினேன். அவசரத்தில் எடுத்துவந்தது பக்கத்து ரூம் சாவி, துவாரத்தில் நுழையவே இல்லை. அதற்குள் கதவு திறந்தது. தலை கலைந்து, கன்னத்தில் தலையணைத் தடத்தோடு நின்றாள்.

"அருவிக்குப் போகலியாக்கா? நான் பயந்தே போயிட்டேன்."

"சாவுறதுக்கா ரூம் எடுத்தேன்? யாரும் எழுப்பாம ஒரு தூக்கம் தூங்கத்தான் எடுத்தேன். வீட்ல இருந்து போன் வந்தா, அருவியில நிக்கா, இரைச்சல்ல கேக்காதுன்னு சொல்லிருங்க!"

இத்தனை சீசன் பார்த்ததில் எனக்குத் தெரிந்ததெல்லாம், சந்தோஷமாகக் காலி செய்கிறவர்கள் எங்கள் துண்டையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள், திருப்தியாகக் காலி செய்கிறவர்கள் தங்கள் துண்டையே மறந்துவிட்டுப் போகிறார்கள் என்பதுதான்.