முதல் வாய்

காப்பி யாருக்குப் போவதாக இருந்தாலும் முதல் வாய் பாவாத்தாளுக்குத்தான். உறிஞ்சி, விழுங்கி, தொண்டைக்குழி ஏறி இறங்குவதைக் கொழுந்தனார் அப்புசாமிக்கு நன்றாகக் காட்டிவிட்டு, "பாத்தீங்களா தம்பி? இன்னும் சாகலீங்க. குடிங்க" என்பாள்.

அப்புசாமிக்கு மனநோய். மாத்திரையில் இப்போது எவ்வளவோ தேவலை. ஆனாலும் யாரோ விஷம் வைக்கிறார்கள் என்ற சந்தேகம் மட்டும் சோற்றையும் காப்பியையும் விட்டபாடில்லை. அண்ணி விழுங்கினால்தான் அவர் வாயைத் திறப்பார்.

பழக்கம் பொல்லாதது. அவள் கை பட்ட டம்ளர் நிறைந்து வந்ததாகச் சோமனூரில் சரித்திரமே இல்லை. "கட்டுனவனுக்கு ஒரு முழு டம்ளர் காப்பி கண்ணுல காட்டுனாளா?" என்று தறிக் குடோனிலிருந்து வரும் புருஷன் வேலுமணி சலித்துக்கொள்வார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைப் பாயசத்தை ருசி பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அதுவும் அவள் தனியாகப் போன கல்யாணம். அவள் இல்லாத நாளில் வேலுமணிதான் குடித்துக் காட்டுவார்; ஜோடியாகக் கிளம்பினால் வீட்டில் யார் காட்டுவது?

மகள் லோகப்பிரியாவுக்குக் கூடிவந்த வரன், சித்தப்பாவின் சேதி தெரிந்ததும் தட்டிப்போனது. அடுத்த மாப்பிள்ளை வீட்டார் வரும்போது, "அப்புசாமிய அன்னைக்கு மட்டும் பவானில ஒரு சொந்தத்து ஊட்டுல உட்டுப்போட்டு வாங்க" என்றார்கள் சொந்தக்காரர்கள். பாவாத்தாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இது அவரு ஊடுங்க. ஒளிச்சு வெக்க அவரென்ன திருட்டுச் சாமானா? காப்பி குடிச்சதும் நானே எல்லாத்தையுஞ் சொல்லிப்போடறேன்."

எங்கே சொல்ல விட்டது அந்தப் பழக்கம்! மாப்பிள்ளையின் அப்பாவுக்கு டம்ளரை நீட்டப் போனவள், நீட்டுமுன் ஒரு வாய் குடித்துத் தொலைத்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. "எங்க தம்பிக்கு மனசு செரியில்லீங்க... நாங் குடிச்சாத்தான் குடிப்பாருங்க... அதே நெனப்புல..." என்றவளுக்கு அழுகை முட்டியது. போச்சு, பெற்ற மகளின் கல்யாணத்தைத் தானே கெடுத்தாயிற்று!

உள்ளறை நிலைப்படியில் நின்றிருந்த அப்புசாமி மெல்ல வந்தார். தட்டிலிருந்து யாரும் வாய் வைக்காத வேறொரு டம்ளரை எடுத்தார். மாப்பிள்ளையின் அப்பாவிடம், "பயப்படாதீங்க, நல்ல காப்பிங்க" என்று சொல்லிவிட்டு, முதல் வாயைத் தானே குடித்தார்.

அதே டம்ளருக்கு மாப்பிள்ளையின் அப்பா கை நீட்டினார். பாவாத்தாளுக்கு அது கண்ணிலேயே படவில்லை. காப்பி இறங்குகிறதா என்று அவள் கொழுந்தனாரின் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.