நான் கழுவி வைத்த வளையம்

செப்டம்பர் 14, சனிக்கிழமை. வழக்கம்போல விடியலில் சுபுஹு தொழுதேன். குடிநீர்க் கேன்களை நிரப்பினேன். மனைவி ஆயிஷா தந்த டீயைக் குடித்தபடி, இரவில் மழை பெய்ததை டயரியில் குறித்தேன். பிறகு ஸ்கூட்டரில் தாம்பரத்துக்குக் கிளம்பினேன். அங்கே ஒரு மருத்துவமனையில், அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, பொதிந்து தரும் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன்.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் அருகே ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக் பிடித்து இடது காலை ஊன்றினேன். வண்டி சாய்ந்தது. உடம்பு திரும்பியது. பாதம் மட்டும் ஈரத் தரையில் அப்படியே நின்றது. முட்டிக்குள் ‘டப்’ என்றொரு சத்தம். வலி சற்றுப் பொறுத்துத்தான் வந்தது.

சில வாரங்களில் வீக்கம் வற்றியது. நடந்தேன். ஆனால் தொழுகையில் எழும்போதெல்லாம் முட்டி என்னை விட்டு ஒரு பக்கமாக நழுவியது. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், வீக்கம் போனதே போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஸ்கேனில் முன்சிலுவைத் தசைநார் (தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் பிணைக்கும் ஜவ்வு) முழுவதும் அறுந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தொழத் தொடங்கினேன். ஸஜ்தாவில் (நெற்றியைத் தரையில் வைத்து வணங்குவது) என் நெற்றிக்கும் தரைக்கும் நடுவே காற்று மட்டும் இருந்தது.

டாக்டர் எங்கள் மருத்துவமனைக்காரர்தான்.

“அறுந்ததைத் தைச்சா நிக்காது பாய். உங்க உடம்புலேர்ந்தே ஒரு தசைநாண் எடுத்துப் புதுசா கட்டணும். முட்டிக்கு முன்னாடி எடுக்கலாம், இல்ல தொடைக்குப் பின்னாடி எடுக்கலாம். முன்னாடி எடுத்தா முட்டி போடும்போது வலி இருந்துகிட்டே இருக்கலாம். உங்களுக்கு அது சரிப்படாது.”

“பின்னாடியே எடுங்க சார். மறுபடி தரையில தொழுவேனா?”

“பெரும்பாலும் முடியும். சத்தியம் பண்ண மாட்டேன்.”

தசைநாண் என்பது தசையை எலும்போடு கட்டும் வெள்ளைக் கயிறு. அதை எடுக்கும் கருவியை நாங்கள் ஸ்டிரிப்பர் என்போம். நீண்ட எஃகுக் கம்பி. ஒரு முனையில் கைப்பிடி, மறு முனையில் குழந்தை மோதிரம் அளவுக்கு ஒரு வளையம். முட்டிக்குக் கீழே சிறிதாகக் கீறி, நாணின் நுனியை வளையத்துக்குள் கோத்து, கம்பியைத் தொடைக்குள் மேல்நோக்கித் தள்ளுவார்கள். தசை தொடங்கும் இடத்தில் வளையத்தின் விளிம்பு நாணை விடுவிக்கும். அந்த விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று பஞ்சால் தடவிப் பார்ப்பது என் வேலை. இழை சிக்கினால் கருவியை ஒதுக்கிவிடுவேன். அது எந்த இருட்டுக்குள் போய்வருகிறது என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் நொண்டிக்கொண்டே எங்கள் பிரிவுக்குப் போனேன். என்னோடு வேலை செய்யும் செல்வி அக்கா என் சிகிச்சைக்கான கருவி செட்டைப் பொதியத் தயாராக இருந்தார்.

“இன்னா பாய், உன் செட்ட நீயே கட்டிக்கப் போறியா? மாப்ளயே பிரியாணி கிண்டுற மாதிரி கீது. போய்ப் படு.”

“ஒரு தடவ பஞ்சு விட்டுப் பாத்துட்டுப் போறேன்க்கா.”

“நான் பாத்துட்டேன். என் மேல நம்பிக்கை இல்லியா?”

“உங்க மேல இருக்கு. என் முட்டி மேலதான் இல்ல.”

அவர் சிரிக்கவில்லை. கையுறையையும் பஞ்சையும் நீட்டினார். எந்த இழையும் சிக்கவில்லை.

மறுநாள் முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே உடம்பு மெல்லக் கரைந்தது. லேசான மயக்க மருந்தும் சேர, விளக்கு பெரிதாகி மழைநாள் வானமாயிற்று. திருநீர்மலைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது தண்ணீருக்கு அப்பால் தெரியும் குன்றைக் கண்டேன். அந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு வளையம் ஒரு வெள்ளைக் கொடியைப் பற்றியபடி நகர்ந்து கொண்டிருந்தது. அவசரமே இல்லை. அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

“நில்லுங்க,” என்றது டாக்டரின் குரல், உதவியாளரிடம். “நாணைப் பக்கவாட்டுல ஒரு பட்டை பிடிச்சிருக்கு. அத விடுவிக்காம தள்ளினா பாதியிலயே அறுந்துடும்.”

மயக்கத்திலும் புரிந்தது. கயிறு குட்டையானால் எனக்கு உதவாது. மூச்சை அடக்கினேன், ஏதோ நான் அசைந்தால் அறுந்துவிடும் என்பதுபோல.

“வந்துடுச்சு. முழுசா வந்துடுச்சு. பாக்குறீங்களா பாய்?”

என் இடுப்பை மறைத்திருந்த திரைக்கு மேலே தட்டைச் சாய்த்துக் காட்டினார்கள். ஊறிய நாடா போல, பளபளப்பாக ஒரு வெண்ணிழை. இத்தனை வருடம் என்னோடு நடந்தது. பார்க்கப் புத்தம்புதிதாக இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்ன இரண்டு விஷயங்களை உங்களுக்கும் சொல்கிறேன். முட்டிக்குள் கட்டிய நாணில் முதலில் உயிரோட்டம் இருக்காது. ரத்தக் குழாய்கள் மெதுவாகத்தான் அதற்குள் வளரும். வலி குறைந்து தைரியம் வரும் நாட்களில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கும். அப்போதுதான் கவனம் தேவை. அடுத்தது, எடுத்த இடத்தில் பலருக்கு அந்த நாண் தானாகவே மறுபடி வளரும்.

“பல்லிக்கு வால் முளைக்கிற மாதிரி,” என்றார்.

ஆயிஷா என்னைப் பார்த்தாள். “இனிமே நம்ம வீட்டுப் பல்லிய விரட்டாதீங்க. சொந்தக்காரங்களாயிட்டீங்க.”

அந்த மழைக்காலம் முழுவதும் தலையணையில் காலை நீட்டிக் கிடந்தேன். தூரத்தில் ரயில் கூவும். பகலா மாலையா என்று தெரியாது. முட்டிக்குள் உயிரற்ற ஒன்று உயிர் பெற்றுக்கொண்டிருந்தது. தொடைக்குள் காலியான இடத்தில் ஏதோ முளைத்துக்கொண்டிருந்தது. என்னைக் கேட்காமலே இரண்டும் நடந்தன. டயரியில் எழுத ஒரு வரிகூட இல்லாத நாட்கள் அவை. வீணானவை என்று தோன்றவில்லை. தழும்புக்குக் கீழே ஒரு கையகலம் மரத்துப்போயிருந்தது. அங்கே தொட்டால் வேறு யாருடைய காலையோ தொடுவது போலிருக்கும்.

பயிற்சி தொடர்ந்தது. மாதங்கள் கழித்து, முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: “இனி முட்டி போடலாம் பாய். அடியில மெத்துனு எதையாவது போட்டுக்கோங்க.”

அன்று மாலை தொழுகைப் பாயை விரித்து, அதன் முன்னே நின்றேன். குனிய முடியவில்லை. வலியால் அல்ல. அந்த ‘டப்’ சத்தம் மறுபடி கேட்டுவிடுமோ என்றிருந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

“இன்னிக்கே செஞ்சாகணும்னு யாரும் சொல்லலையே,” என்றாள் ஆயிஷா.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக நாற்காலியைப் பால்கனிக்குக் கொண்டுபோனேன். போர்வையை மடித்துப் பாய்க்கு அடியில் வைத்தேன். கைகளை ஊன்றி மெல்ல இறங்கினேன். மரத்த இடத்துக்குத் தரை வந்து சேர்ந்ததே தெரியவில்லை. நெற்றிக்குத் தெரிந்தது.