கேக்குக்குள் போன பொம்மை

எங்கள் வீட்டு ஹாலில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அலமாரி இருக்கிறது. அதற்குள் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான உயரத்தில் இளம்பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஃபேஷன் பொம்மைகள். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்ததும், "பாப்பாவோடதா?" என்று கேட்பார்கள். பாப்பா படித்து முடித்து பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். அந்த அலமாரிக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று போகும்போதே சொல்லிவிட்டுப் போனாள். "இல்ல, என்னோடது" என்பேன். வந்தவர்கள் என் மீசையைப் பார்ப்பார்கள், தொப்பையைப் பார்ப்பார்கள், பிறகு குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்பார்கள்.

பழியை என் வேலையின் மீது போட்டுவிடலாம். மறைமலை நகரில் கார்களுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன் நான். நாள் முழுக்க ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஆகாது" என்று சொல்வதற்குச் சம்பளம் தருகிறார்கள். மகள் சின்னவளாக இருந்தபோது அவளுக்கு முதல் பொம்மை வாங்கினேன். கொடுப்பதற்கு முன் பழக்கதோஷத்தில் கால்களை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் கோடு துருத்திக்கொண்டிருந்தது. கடைக்குத் திரும்பிப் போய் மாற்றினேன். மாற்றியதிலும் கோடு. அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் மூன்றாவதைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவளுக்கு பொம்மை ஆசை விட்டது, எனக்குப் பிடித்தது.

நல்ல பொம்மைக்குத் தலைமுடியை ஒதுக்கிப் பார்த்தால் வகிடு சொட்டையாகத் தெரியக் கூடாது. கண்ணை லென்ஸ் வைத்துப் பார்த்தால் செய்தித்தாள் படம் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கக் கூடாது. கவுனைத் திருப்பிப் பார்க்கவேண்டும். வெளியே மினுமினுத்து உள்ளே நூல் தொங்கினால் அது பொம்மை உடுப்பில்லை, தேர்தல் வாக்குறுதி. இதற்கெல்லாம் மேலே நம் ஊர் வெயில் வேறு. மே மாதத்தில் சில பொம்மைகளுக்குக் கால் வியர்க்கும். தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். அவர்களுக்கு பவுடர் போட்டுவிடுவேன். என் மனைவி அதைப் பார்க்கும்போதெல்லாம், கல்யாணத்துக்கு முன் இன்னும் கொஞ்சம் விசாரித்திருக்கலாம் என்கிற முகத்தோடு சமையலறைக்குப் போய்விடுவாள்.

அலமாரியின் ராணி ஒருத்தி உண்டு. கோவளம் போகிற வழியில், வீட்டைக் காலிசெய்து வெளிநாடு போன ஒரு குடும்பத்திடம் வாங்கியது. கறுப்பு முடி. வரைந்த இமை அல்ல, ஒவ்வொன்றாக நட்ட இமை. முட்டி, முழங்கை, மணிக்கட்டு எல்லாம் மடங்கும். கால்மேல் கால் போட்டு உட்காருவாள். உடுத்தியிருந்தது சாதாரண பருத்தி கவுன், ஒரு ஜிகினாகூட இல்லை. ஆனால் மடிப்புத் தையலைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். என் மனைவி அவளுக்கு வைத்த பெயர், "ஆபீஸ் போற பொம்பள".

மனைவி வீட்டிலேயே ஆர்டர் எடுத்து கேக் செய்கிறாள். அதில் பொம்மை கேக் என்று ஒரு வகை. கேக்கைக் குடை மாதிரி வட்டமாகச் செய்து, நடுவில் ஒரு பொம்மையை இடுப்பு வரைக்கும் சொருகி, சுற்றிலும் க்ரீமால் பாவாடை போட்டுவிடுவார்கள். கேக்குக்கு மேலே இளவரசி, கேக்குக்குள்ளே பிளாஸ்டிக் தாள் சுற்றிய இரண்டு கால். அதற்காக மலிவு பொம்மைகளை மொத்தமாக வாங்கி வைத்திருப்பாள்.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஷிஃப்ட் முடிந்து வந்து அலமாரியைப் பார்த்தேன். ராணியின் இடம் காலி.

"இங்க இருந்தது எங்க?"

"எது?"

"ஆபீஸ் போற பொம்பள."

மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். "சேலையூர் ஆர்டருங்க. சொருகும்போது பொம்மையோட தலை கையோட வந்துருச்சு. ஸ்டாக்ல வேற இல்ல. அதான் உங்க கிட்ட இருக்கறதுலயே சுமாரானதா பாத்து எடுத்தேன்."

"சுமாரா?"

"பின்ன? ஜிகினா இல்ல, கிரீடம் இல்ல. பளபளன்னு இருக்கறதை எல்லாம் தொடவே இல்ல. உங்க மனசு கஷ்டப்படுமேன்னு யோசிச்சுத்தான் எடுத்தேன்."

கேக் காலையிலேயே போய்விட்டது. சேலையூரில் எங்கள் சர்ச் சபையைச் சேர்ந்த குடும்பம். அவர்களுடைய பெண்ணுக்கு ஏழாவது பிறந்தநாள். கேக் வெட்டியதும் பொம்மை குழந்தைக்கு. அதுதான் முறை. பிறகு அதற்குப் பல் தேய்ப்பார்கள், தலைமுடியை வெட்டுவார்கள், பேனாவால் லிப்ஸ்டிக் போடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

"சாயங்காலம் நம்மளையும் கூப்பிட்டிருக்காங்கல்ல? நான் போய் கேட்டு..."

மனைவி குழாயை மூடினாள். "ஏங்க, கஸ்டமர் வூட்டுக்குப் போய் கேக்குல இருக்கற பொம்மையத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டீங்க, அடுத்த கேக்குல உங்களைச் சொருகி அனுப்புவேன்."

ஆக, கேட்கக் கூடாது. கேட்காமல் எடுக்கவேண்டும். சாயங்காலம் போகிற வழியில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் நிறுத்தினேன். பரிசு வாங்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, காட்டுவதற்கு ஒரு கலர் பென்சில் டப்பாவும், அவர்களிடம் இருந்ததிலேயே அதிகமாக மினுக்கிய பொம்மையும் வாங்கினேன். மஞ்சள் முடி, ரோஸ் ஜிகினா, வகிடு முழுக்க சொட்டை. கால் உள்ளே வெறும் காற்று. டப்பாவைக் கடையிலேயே வீசிவிட்டு, பொம்மையை பேன்ட் பாக்கெட்டில் தலைகீழாகச் சொருகி, வெளியே நீட்டிய காலைச் சட்டையால் மறைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொம்மையைச் சோதிக்காமல் வாங்கினேன்.

மொட்டை மாடியில் பந்தல். மேசை நடுவில் கேக். நீலப் பாவாடையில் என் ராணி, மார்பில் நீல ரிப்பன், கண்ணில் ஒரு கேள்வி. நான் வாழ்த்துச் சொல்கிற சாக்கில் நகர்ந்து நகர்ந்து மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். சுற்றிலும் கூட்டம். எப்படி எடுப்பது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் பெண்ணின் அப்பா சொன்னார்:

"கேக் வெட்றதுக்கு முன்னாடி தாத்தா ஜெபம் பண்ணுவாங்க. எல்லாரும் கண்ண மூடிக்கலாம்."

தாத்தா ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். சபையில் அவரை ஜெபிக்க அழைத்தால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள். குடும்பத்தில் ஆரம்பிப்பார், நாட்டுக்குப் போவார், ஜிஎஸ்டி ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் வழியாகத் திரும்பி வருவார். அவர் ஜெபிக்கும்போது இத்தனை நன்றியோடு நான் நின்றதே இல்லை.

எல்லாத் தலைகளும் குனிந்தன. தாத்தா பேத்தியின் படிப்புக்காக வேண்டிக்கொண்டிருந்தபோது ராணியின் இடுப்பைப் பிடித்தேன். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக வேண்டும்போது மெதுவாகத் திருகினேன். அவர் நாட்டின் தலைவர்களுக்கு வந்தபோது, சேற்றிலிருந்து கால் எடுப்பது போல ஒரு சத்தத்தோடு ராணி வெளியே வந்தாள். யாரோ "ஸ்தோத்திரம்" என்றார்கள்.

ரிப்பனை அவிழ்த்து, பாக்கெட்டிலிருந்து எடுத்த ஜிகினாக்காரிக்குக் கட்டினேன். நிமிர்ந்தேன். மேசைக்கு அந்தப்பக்கம், இரண்டு கைகளையும் பக்தியோடு கோத்தபடி, பிறந்தநாள் குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் ஒரு கையில் இடுப்புவரை க்ரீம் பூசிய ராணி. இன்னொரு கையில் ரோஸ் ஜிகினா. குழந்தை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஜிகினாவைக் காட்டி, மோவாயால் கேக்கைச் சுட்டினாள். சொருகு என்று அர்த்தம். சொருகினேன். கொஞ்சம் சாய்ந்து நின்றாள். ராணி என் பாக்கெட்டுக்குள் போனாள். தாத்தா வண்டி ஓட்டுகிறவர்களைக் கடந்து ஆமெனுக்கு வந்துவிட்டார்.

எல்லோரும் கண் திறந்தார்கள். பெண்ணின் அம்மா குனிந்து கேக்கை உற்றுப் பார்த்தார்.

"அக்கா, காலைல கருப்பு முடிதானே இருந்துச்சு?"

என் மனைவி கேக்கைப் பார்த்தாள். பிறகு மிக மெதுவாக என்னைப் பார்த்தாள். கஸ்டமர் முன்னால் காட்டவேண்டிய முகம் என்பதால் புன்னகையோடு பார்த்தாள். அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

"இல்ல மம்மி, இப்படித்தான் இருந்துச்சு" என்றாள் குழந்தை. "நான் அப்பவே பாத்தேன்."

பிறந்தநாள் குழந்தை சொன்னபிறகு எவன் மறுப்பான்? பாடினார்கள், வெட்டினார்கள், க்ரீமை நக்கிவிட்டு ஜிகினாக்காரியைத் தூக்கிக்கொண்டு அவள் மாடி முழுக்க ஓடினாள். நான் ஓரத்தில் ஒரு நாற்காலியில் ஈரமான தொடையோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு சுற்று முடித்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அங்கிள், நீங்க கண்ணு மூடல."

"நீயும்தான் மூடல."

யோசித்தாள். இரண்டு பேருக்கும் இதை வெளியே சொல்ல வழியில்லை என்பது அவளுக்கும் தெரிந்தது.

"அந்த இன்னொண்ணக் காட்டுங்க."

கவுனோடு சேர்த்துச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டுக் கொடுத்தேன். இப்போது வேண்டுமென்று கேட்டுவிட்டால் கொடுத்துவிடவேண்டியதுதான். பிறந்தநாள் குழந்தை, அதுவும் சாட்சி. அவள் ராணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் சொன்னாள்:

"இது எங்க டியூஷன் மிஸ் மாதிரி இருக்கு. எனக்கு வேணாம்."

ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடியே சுருக்கென்றது. என்ன பேச்சு இது? என் ராணியை!

"பாப்பா, அப்படிச் சொல்லாத. முட்டிய மடக்கிப் பாரு."

மடக்கினாள்.

"கால்மேல கால் போட்டு உக்காரும். உன்னோடது உக்காராது."

"உக்காந்து என்ன பண்ணும் அங்கிள்?"

இத்தனை வருடத்தில் தொழிற்சாலையிலும் வெளியிலும் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. "சும்மா உக்காந்திருக்கும்" என்றேன்.

"உங்கள மாதிரியா?"

"ஆமா. சரி, அந்த இமையத் தொட்டுப் பாரு, நிஜமா நட்டது. தையலப் பாரு..."

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. திருடி மீட்ட பொம்மையை, வேண்டாம் என்கிற குழந்தையின் தலையில் கட்டப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ராணியை என் மடியில் உட்கார வைத்தாள்.

"நீங்களே வச்சுக்கோங்க அங்கிள். ஆனா இதுக்கு ஒரு நல்ல டிரஸ் வாங்கிக் குடுங்க. பாவமா இருக்கு."

திரும்பும்போது மனைவி வண்டியில் பின்னால் என் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கேம்ப் ரோடு சிக்னலில் என் முதுகு குலுங்கியது. மனைவி அழுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல் ஆரம்பித்தது பச்சை விழுவதற்குள் பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப்பார்க்கும் அளவுக்குப் போய்விட்டது.

"ஜெபம் பண்றப்போ..." என்றாள். அதற்குமேல் சொல்ல முடியவில்லை.

ஃபேன்சி ஸ்டோர் இன்னும் திறந்திருந்தது. பொம்மை கவுன்கள் தனியாகத் தொங்கின. ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். நூல் தொங்கியது, ஓரம் மடிக்கவே இல்லை, கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. வேலையிடமாக இருந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்பியிருப்பேன்.

"ரோஸா, கோல்டா?" என்றாள் மனைவி.

"ரோஸ்" என்றேன்.